10 பேர் எழுதிய தேர்வில் 23 பேர் ஃபெயில்: எமுலேட்டரில் ஸ்டெப் போட்டுப் பிழை பிடிப்பது

குடியாத்தத்திலிருந்து காட்பாடிக்கு ரயிலில் போய்ப் படித்துவரும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. 8085 என்ற மைக்ரோப்ராசஸரின் லேபுக்காக ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார். மெமரியில் 10 பேரின் மதிப்பெண்கள் இருக்கின்றன. 35-க்குக் கீழே எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, விடையை டெசிமலில் 4300 என்ற மெமரி முகவரியில் வைக்க வேண்டும். 03 வர வேண்டிய இடத்தில் 23 வருகிறது. லேபின் பயிற்சிப் பலகையான கிட்டிலும் 23, அந்த ப்ராசஸரைப் போலவே கணினியில் நடந்துகாட்டும் மென்பொருளான எமுலேட்டரிலும் 23. ஒரே ஒரு பைட்டை மாற்றி, பாஸ் ஆனவர்களை எண்ணச் சொன்னால் 07 என்று சரியாக வந்துவிடுகிறது. "ஸ்டெப் பட்டனைக் கடைசி வரைக்கும் அழுத்திப் பார்த்துட்டேன் அண்ணா, ஒண்ணும் பிடிபடல. நீங்க டிபக்கர்ல எதைப் பார்ப்பீங்க?" என்று கேட்கிறார். டிபக்கர் என்றால் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் வசதி, ஸ்டெப் என்றால் ஒரு அழுத்தலுக்கு ஒரே ஒரு கட்டளையை ஓட்டுவது.

தம்பி, நீங்கள் அனுப்பிய புரோகிராமை முதலில் எல்லோரும் பார்க்கும்படி இங்கே போடுகிறேன். நம் பக்கத்து ரெக்கார்டு நோட்டு வழக்கப்படி 4100-ல் தொடங்குகிறது. ஹெக்ஸ் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) எழுத்துகளை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்றே எழுதிவிடுகிறேன்.

4100: 21 00 42 – எல்எக்ஸ்ஐ எச், 4200
4103: 06 00 – எம்விஐ பி, 00
4105: 0இ 0ஏ – எம்விஐ சி, 0ஏ
4107: 7இ – மூவ் ஏ, எம்
4108: எஃப்இ 35 – சிபிஐ 35
410ஏ: டி2 11 41 – ஜேஎன்சி 4111
410டி: 78 – மூவ் ஏ, பி
410இ: 3சி – ஐஎன்ஆர் ஏ
410எஃப்: 27 – டிஏஏ
4110: 47 – மூவ் பி, ஏ
4111: 23 – ஐஎன்எக்ஸ் எச்
4112: 0டி – டிசிஆர் சி
4113: சி2 07 41 – ஜேஎன்இசட் 4107
4116: 78 – மூவ் ஏ, பி
4117: 32 00 43 – எஸ்டிஏ 4300
411ஏ: 76 – எச்எல்டி

புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஏ, பி, சி, எச்எல் எல்லாம் ப்ராசஸருக்குள் எண் வைக்கும் ரிஜிஸ்டர்கள். கேரி என்பது கூட்டலில் வழிவதையோ கழித்தலில் கடன் வாங்குவதையோ காட்டும் ஒரு பிட் குறி, இப்படிப்பட்ட குறிகளைத்தான் கொடிகள் என்கிறோம். சிபிஐ ஒப்பிடும், ஜேஎன்சி கேரி இல்லை என்றால் தாவும், ஐஎன்ஆர் ஒன்று கூட்டும், டிசிஆர் ஒன்று குறைக்கும், டிஏஏ கூட்டல் விடையை டெசிமலாகத் திருத்தும்.

4200 முதல் இருக்கும் மதிப்பெண்கள்: 72, 34, 35, 18, 90, 41, 29, 56, 88, 63. ஒரு பைட்டுக்குள் இரண்டு டெசிமல் இலக்கம் என்று பிசிடி முறையில் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் 35 என்று நேரே ஒப்பிட முடிகிறது. நல்ல யோசனை.

மொத்தம் 27 பைட். பாஸ் ஆனவருக்கு ஒரு சுற்றில் 6 கட்டளை, ஃபெயில் ஆனவருக்கு 10. முன்னும் பின்னும் இருப்பதைச் சேர்த்தால் 78 தடவை ஸ்டெப் அழுத்தியிருப்பீர்கள். பிழை 15-வது அழுத்தலிலேயே திரையில் வந்துவிட்டது. நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் அது பிழை என்று தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதைத்தான் முதலில் பேச வேண்டும்.

ஸ்டெப் அழுத்துகிறோம், ஏதோ ஒரு ரிஜிஸ்டர் மாறுகிறது. "ம், மாறுது" என்று அடுத்ததை அழுத்துகிறோம். டிபக்கர் காட்டும் எண் எப்போதுமே நியாயமாகத்தான் தோன்றும், ஏனென்றால் எதிர்த்துக் கேட்க நம் மனதில் வேறு எண் இல்லை. அதனால் நான் பழகிய முறை இது: அழுத்துவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று சொல்லிவிட வேண்டும். மனதுக்குள் சொன்னால் போதாது, ஒரு தாளில் எழுத வேண்டும். முகவரி, கட்டளை, நான் நினைப்பது, நடந்தது என்று நான்கு பத்தி போதும். மூன்றாவது பத்தியை எழுதிய பிறகுதான் விரல் பட்டனுக்குப் போக வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் எந்த வரியில் ஒத்துப்போகவில்லையோ அங்கே நின்றுவிடுங்கள். அந்த வரியில் ஒன்று புரோகிராம் தப்பு, இல்லையென்றால் அந்தக் கட்டளையைப் பற்றி நாம் நினைத்திருப்பது தப்பு. எனக்குப் பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருந்திருக்கிறது.

உங்கள் புரோகிராமில் அப்படிச் செய்து பார்க்கலாம். முதல் மதிப்பெண் 72. அதில் எந்தச் சிக்கலும் இல்லை: 72, 35-ஐ விடப் பெரியது, கேரி 0, ஜேஎன்சி 4111-க்குத் தாவுகிறது, எச்எல் 4201 ஆகிறது, சி 09 ஆகிறது, திரும்ப 4107. இதற்குள் 9 ஸ்டெப் முடிந்துவிட்டது. இரண்டாவது மதிப்பெண்ணில் நிதானமாகப் போவோம்.

10-வது ஸ்டெப், மூவ் ஏ, எம். நான் நினைப்பது: ஏ = 34. நடந்தது: 34. சரி.

11-வது, சிபிஐ 35. நான் நினைப்பது: ஏ மாறாது. 34-லிருந்து 35-ஐக் கழிக்கக் கடன் வாங்க வேண்டும், அதனால் கேரி 1. நடந்தது: ஏ = 34, கேரி 1. சரி.

12-வது, ஜேஎன்சி. கேரி இருப்பதால் தாவாது, அடுத்த கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் பிசி 410டி-க்கு வரும். வந்தது.

13-வது, மூவ் ஏ, பி. ஏ = 00. கொடிகள் மாறாது. சரி.

14-வது, ஐஎன்ஆர் ஏ. நான் நினைப்பது: ஏ = 01. நடந்தது: 01. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கேரியைப் பற்றி நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள்? 00-உடன் 1 கூட்டினால் எதுவும் வழியவில்லை, ஆகவே கேரி 0 என்று எழுதியிருந்தால், முதல் முரண்பாடு இங்கேயே கிடைத்துவிடும். டிபக்கரில் கேரி இன்னும் 1 என்றுதான் இருக்கும்.

15-வது, டிஏஏ. நான் நினைப்பது: 01 ஏற்கெனவே ஒழுங்கான டெசிமல், அதனால் மாறாது. நடந்தது: ஏ = 61.

அவ்வளவுதான், பிழை கையில் வந்துவிட்டது. ஐஎன்ஆர் சைன், ஜீரோ, ஆக்ஸிலரி கேரி, பாரிட்டி எல்லாவற்றையும் மாற்றும், கேரியை மட்டும் தொடாது. டிஏஏ என்ன செய்கிறது? கீழ்ப்பாதி 9-ஐத் தாண்டியிருந்தாலோ ஆக்ஸிலரி கேரி இருந்தாலோ 06 கூட்டும். மேல்பாதி 9-ஐத் தாண்டியிருந்தாலோ கேரி இருந்தாலோ 60 கூட்டும். சற்று முன்னால் நடந்த கூட்டலிலிருந்து வந்த கேரி என்று நம்பித்தான் அது 60-ஐக் கூட்டுகிறது. உங்கள் புரோகிராமில் அந்தக் கேரி நான்கு கட்டளைக்கு முன்னால் சிபிஐ விட்டுப்போனது. டிஏஏவுக்கு அது யாருடையது என்று தெரியாது.

மீதியை நீங்களே சரிபார்க்கலாம். முதல் ஃபெயிலுக்கு 61. இரண்டாவதுக்கு 62 ஆகி, 60 கூடி சி2. மூன்றாவதுக்கு சி3 ஆகி, 60 கூடி 123. எட்டு பிட்டுக்குள் நிற்பது 23. உங்கள் 23 அதுதான்.

பாஸ் எண்ணும்போது சரியாக வந்ததன் காரணமும் இப்போது தெரிந்திருக்கும். 410ஏ-வில் டி2-வை டிஏ ஆக்கினீர்கள், ஜேஎன்சி ஜேசி ஆனது. கேரி இருந்தால் தாவிவிடும், கேரி இல்லாதபோது மட்டும்தான் எண்ணும் இடத்துக்கே வரும். அங்கே வரும்போது கேரி 0 என்பது தற்செயலாக உறுதியாகிவிட்டது. அந்தப் புரோகிராமும் சரியான புரோகிராம் இல்லை, அது பிழையின் பக்கம் போகாமல் தப்பியிருக்கிறது. லேபில் 07 வந்ததும் கையெழுத்து வாங்கிவிடுவோம், அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் சரியான விடை வந்த புரோகிராமையும் ஒரு சுற்று ஸ்டெப் போட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒரு சின்ன உதவி: சில கிட்டுகளிலும் எமுலேட்டர்களிலும் கொடிகளைத் தனித்தனியாகக் காட்டாமல் எஃப் என்று ஒரே பைட்டாகக் காட்டுவார்கள். அதைப் பிரித்து எட்டு பிட்டையும் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். கேரி கடைசி பிட்டில் இருக்கிறது. எஃப் ஒற்றைப்படையாக இருந்தால் கேரி உண்டு, இரட்டைப்படையாக இருந்தால் இல்லை. இசட்80-க்கும் இது பொருந்தும்.

ஐஎன்ஆர் கேரியைத் தொடாமல் விட்டது வடிவமைத்தவர்களின் கவனக்குறைவோ என்று உங்களுக்குத் தோன்றலாம். இல்லை, வேண்டுமென்றே செய்தது. இதை நான் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ளவில்லை. ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஆலையில் புரிந்துகொண்டேன், அதனால் அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பதனிட்ட தோலைப் பரப்பளவுக்குத்தான் விற்பார்கள், சதுர அடிக் கணக்கு. தோலை ரோலருக்குள் விட்டால் அளக்கும் மெஷின் அந்தத் தோலின் சதுர அடியையும், அதுவரை போன தோல்களின் மொத்தத்தையும் காட்டும். அந்த ஆலையில் ஒரு பழைய மெஷின். ஒவ்வொரு தோலுக்கும் காட்டும் அளவு சரி, மொத்தம் மட்டும் குறைவாக வந்தது. கணக்கு எழுதுபவர் துண்டுச்சீட்டில் கையால் கூட்டிவைத்திருந்தார், அவர் சொன்னதுதான் சரி. உள்ளே 8085, புரோகிராம் இருக்கும் 2764 ஈப்ராம் சிப் ஒன்று, 8192 பைட். முன்பு யாரோ உள்ளூரில் அந்த ஈப்ராமில் மொத்தக் கணக்குப் பகுதியை மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஈப்ராமைப் படித்து ஃபைலாக எடுத்து, எமுலேட்டரில் 0000-ல் ஏற்றினேன். எமுலேட்டருக்கு ரோலரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. அதனால் வெளியிலிருந்து எண்ணைப் படிக்கும் ஐஎன் கட்டளை வரும் இடங்களில் எல்லாம், ஓட்டத்தை நிறுத்தும் பிரேக்பாயின்ட் வைத்து, நின்றதும் ஏ ரிஜிஸ்டரில் நானே எண்ணைப் போட்டு மேலே ஓட்டினேன். இது பலர் யோசிக்காத வசதி. டிபக்கரில் நின்றிருக்கும்போது ரிஜிஸ்டரை மாற்றலாம், மெமரியை மாற்றலாம். இல்லாத சென்சாருக்குப் பதிலாக நீங்களே உட்காரலாம்.

6.75-உம் 5.50-உம் கூட்டினால் 12.25 வர வேண்டும், 11.25 வந்தது. தாளில் வரி வரியாக எழுதிக்கொண்டே போனேன். கீழ் பைட்: 75-உம் 50-உம் சேர்ந்து சி5, டிஏஏவுக்குப் பிறகு 25, கேரி 1. சரி. அதைச் சேமிக்கிறது, கேரி 1. முகவரியைக் குறைக்கிறது, கேரி 1. அடுத்து, எல்லா பைட்டும் முடிந்துவிட்டதா என்று பார்க்க முகவரியை ஏ-வுக்குள் எடுத்து சிபிஐ போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் கேரி 0 ஆனது. அடுத்த பைட்டுக்குக் கேரியையும் சேர்த்துக் கூட்டும் ஏடிசி வரும்போது கொண்டுவர வேண்டிய 1 போய்விட்டது. கால் அடி, அரை அடிகள் சேர்ந்து முழு அடியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சதுர அடி தொலைந்துகொண்டிருந்தது. விற்பவருக்கு அது நேரடி நஷ்டம்.

திருத்தியது எப்படி? முகவரியை ஒப்பிடுவதை எடுத்துவிட்டு, ஒரு ரிஜிஸ்டரில் எண்ணிக்கை வைத்து டிசிஆர் போட்டேன். டிசிஆர் ஜீரோ கொடியை மாற்றும், கேரியைத் தொடாது. பல பைட் கூட்டலின் நடுவே சுற்றை எண்ணிக்கொண்டே, கேரியைப் பத்திரமாக அடுத்த பைட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகத்தான் ஐஎன்ஆரும் டிசிஆரும் அப்படி இருக்கின்றன. உங்கள் புரோகிராமைக் கெடுத்த அதே குணம் அங்கே மெஷினைக் காப்பாற்றியது. 8085 வந்தது 1976-ல், 8086 வந்தது 1978-ல். இன்றைக்கு உங்கள் லேப்டாப்பில் இருக்கும் எக்ஸ்86 ப்ராசஸரிலும் இன்க்ரிமென்ட் கட்டளை கேரியைத் தொடுவதில்லை.

சரி, உங்கள் புரோகிராமுக்கு வருவோம். ஐஎன்ஆர் ஏ-வை எடுத்துவிட்டு ஏடிஐ 01 போடுங்கள். அது உண்மையான கூட்டல், கேரியைப் புதிதாக எழுதும், டிஏஏவுக்குச் சரியான தகவல் போகும். ஆனால் இதைக் கையால் அசெம்பிள் செய்கிறவர்கள் அடுத்த குழியில் விழுவது வழக்கம். 3சி ஒரு பைட், சி6 01 இரண்டு பைட். 410இ-க்குப் பிறகு எல்லாம் ஒரு இடம் நகர்கிறது. ஐஎன்எக்ஸ் எச் இப்போது 4112-ல் இருக்கும். ஆகவே 410பி-யில் இருக்கும் 11-ஐ 12 ஆக்க வேண்டும். மறந்தால் ஜேஎன்சி 4111-க்குத் தாவும், அங்கே இப்போது இருப்பது மூவ் பி, ஏ. பாஸ் ஆனவருடைய மதிப்பெண்ணே எண்ணிக்கையாகப் பதிந்துவிடும். உங்கள் பட்டியலில் கடைசி மதிப்பெண் 63, அதனால் விடை 63 வரும். 63 பார்த்தால் நான் சொன்னது நினைவுக்கு வரட்டும்.

இதைவிட மோசமானது, தாவல் ஒரு கட்டளையின் நடுவில் போய் விழுவது. தவறுதலாக 410எஃப் என்று கொடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது ஏடிஐயின் இரண்டாவது பைட்டான 01. ப்ராசஸருக்கு அது "இரண்டாவது பைட்" என்று தெரியாது. 01 என்றால் எல்எக்ஸ்ஐ பி, பின்னால் வரும் 27, 47 இரண்டையும் டேட்டாவாக விழுங்கிவிடும். பி-யில் 47, சி-யில் 27 வந்து உட்கார்ந்துவிடும். எண்ணிக்கையும் போச்சு, சுற்றுக் கணக்கும் போச்சு, டிஏஏவும் மூவும் நடக்கவே இல்லை.

தமிழ் இலக்கணத்தில் பொதுமொழி படித்திருப்பீர்கள். தாமரை என்றால் பூ, தா மரை என்று பிரித்தால் தாவும் மான். வேங்கை என்றால் மரம் அல்லது புலி, வேம் கை என்றால் வேகும் கை. எழுத்து ஒன்றுதான், எங்கே பிரிக்கிறோம் என்பதில் பொருள் மாறுகிறது. மெஷின் கோடு முழுவதுமே பொதுமொழிதான். டிபக்கரின் டிஸ்அசெம்ப்ளி ஜன்னல் எந்த முகவரியிலிருந்து பிரிக்கத் தொடங்கியதோ அதன்படி காட்டும். அதனால் ஸ்டெப் போடும்போது இதுவரை பார்த்த கட்டளைகள் திடீரென்று வேறு கட்டளைகளாகத் தெரிந்தால், கண் ஏமாற்றவில்லை. பிசி தப்பான இடத்தில் கால் வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய தாவலைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். முகவரியின் கீழ் பைட் முதலில், மேல் பைட் பின்னால். 4112-க்கு 12 41. இதை மாற்றிப் போட்டால் 1241-க்குப் போய்விடும். கிட்டில் அங்கே வேறு ஏதாவது இருக்கும், எமுலேட்டரில் பெரும்பாலும் 00 இருக்கும். 00 என்றால் எதுவும் செய்யாத நாப் கட்டளை. எமுலேட்டரைத் திறந்து பிசியை 4100 என்று வைக்க மறந்துவிட்டு, 0000-லிருந்து ஸ்டெப் போட்டால், உங்கள் புரோகிராம் வருவதற்குள் 16640 நாப்கள். ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தால் முதலில் பிசியைப் பாருங்கள்.

இப்போது பட்டன்கள். ஸ்டெப் இன்டு, ஸ்டெப் ஓவர், ஸ்டெப் அவுட், ரன் என்று எல்லா டிபக்கரிலும் இருக்கும். மேம் எமுலேட்டரின் டிபக்கரில் எஃப்11, எஃப்10, ஷிஃப்ட் எஃப்11, எஃப்5. மற்றவற்றில் விசை மாறலாம், வேலை ஒன்றுதான். உங்கள் புரோகிராமில், சப்ரூட்டீன் என்ற துணைப் புரோகிராமை அழைக்கும் கால் கட்டளை இல்லை என்பதால் ஸ்டெப் இன்டுவும் ஓவரும் ஒரே மாதிரி இருந்திருக்கும். சப்ரூட்டீன் வந்தால் வேறுபடும். வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ் பள்ளிகொண்டா ஊருக்குள் புகுந்து வந்தால் அது ஸ்டெப் இன்டு. ஊருக்குள் போவதை நாம் பார்க்காமல், மறுபடி நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் காத்திருந்து பிடித்தால் அது ஸ்டெப் ஓவர். அதைத்தான் டிபக்கர் செய்கிறது: காலுக்கு அடுத்த கட்டளையில் தற்காலிகமாக ஒரு பிரேக்பாயின்ட் வைத்துவிட்டு, முழு வேகத்தில் ஓடவிடுகிறது.

அதில் ஒரு ஆபத்து உண்டு. உள்ளே போன பஸ் வேறு வழியாக வெளியேறிவிட்டால், நாம் நிற்கும் இடத்துக்கு அது வரவே வராது. கிட்டின் மானிட்டர் ரோம் போன்றவற்றில், கால் கட்டளைக்கு அடுத்தே திரையில் காட்ட வேண்டிய எழுத்துகளை வைத்துவிட்டு, சப்ரூட்டீன், திரும்பும் முகவரி சேமிக்கப்படும் இடமான ஸ்டாக்கிலிருந்து அந்த முகவரியை எடுத்து, அந்த எழுத்துகளைத் தாண்டித் திரும்பும்படி எழுதியிருப்பார்கள். ஸ்டாக்கின் மேலே இருப்பதையும் எச்எல்லையும் இடம் மாற்றும் எக்ஸ்டிஎச்எல் கட்டளையைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள். அங்கே ஸ்டெப் ஓவர் போட்டால் புரோகிராம் கைவிட்டுப் போகும். ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுவதே நல்லது.

நேரத்தைக் கடத்துவதற்காகச் சுற்றும் டிலே ரூட்டீனில் மட்டும் உள்ளே போகாதீர்கள். டிஇ ரிஜிஸ்டரில் எஃப்எஃப்எஃப்எஃப் போட்டு, டிசிஎக்ஸ் டி, மூவ் ஏ டி, ஓஆர்ஏ இ, ஜேஎன்இசட் என்று சுற்றும் வழக்கமான டிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 6, 4, 4, 10 ஆக 24 டி-ஸ்டேட், அதாவது கடிகாரத் துடிப்பு. 65535 சுற்று. 3 மெகாஹெர்ட்ஸில் அரை நொடிக்குக் கொஞ்சம் மேல். கையால் ஸ்டெப் போட்டால் 2,62,140 அழுத்தல், நொடிக்கு ஒன்று என்றாலும் சாப்பிடாமல் தூங்காமல் 3 நாள். இரண்டு சுற்று பார்த்துப் புரிந்துகொண்டதும் டிஇ-யை 0001 என்று மாற்றிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மூவும் ஓஆர்ஏவும் எதற்கு என்று கேட்டால், டிசிஎக்ஸ் எந்தக் கொடியையும் மாற்றாது. அந்த இரண்டையும் விட்டுவிட்டு நேரே ஜேஎன்இசட் போட்டவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

உங்கள் புரோகிராமுக்குப் பிரேக்பாயின்ட் எங்கே வைப்பது? 4107-ல் வைத்தால் 10 தடவை நிற்கும். 410டி-யில் வைத்தால் ஃபெயில் ஆனவருக்கு மட்டும் நிற்கும், 3 தடவை. அந்த மூன்று நிறுத்தத்திலும் எச்எல் 4201, 4203, 4206 என்று இருந்தால், யார் ஃபெயில் என்று கண்டுபிடிக்கும் பகுதி முழுவதும் சரி என்று அப்போதே முடிவு செய்துவிடலாம். மீதி இருப்பது நான்கே கட்டளை. 78-லிருந்து 4-க்கு வந்துவிட்டோம். ஸ்டெப் போடுவதே பாதி வேலைதான், எங்கிருந்து ஸ்டெப் போடத் தொடங்குவது என்பது மற்ற பாதி. மெமரியில் ஓர் இடத்தை யார் கெடுக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றால் வாட்ச்பாயின்ட் வையுங்கள். அந்த முகவரியில் எழுதும் கட்டளையிலேயே எமுலேட்டர் நின்று காட்டும். லேப் கிட்டில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

கிட்டிலும் எமுலேட்டரிலும் ஒரே விடை வந்தது என்று கேள்வியிலேயே சொன்னீர்கள். அது மிகவும் உபயோகமான தகவல். டிஏஏ மாதிரியான கட்டளையை எமுலேட்டர் எழுதுபவர்கள் தவறாக எழுதிவிடுவது உண்டு. இரண்டும் 23 என்று சொன்னதால், எமுலேட்டர் மீது சந்தேகப்படும் வேலை மிச்சமாகிவிட்டது. இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். எமுலேட்டரில் ஓடுவது கிட்டில் ஓடாமல் போகலாம். எமுலேட்டர் பெரும்பாலும் மெமரியை 00 ஆக்கித்தான் கொடுக்கும், கிட்டின் ரேமில் மின்சாரம் போட்டதும் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. பி-யை 00 ஆக்க மறந்த புரோகிராம் எமுலேட்டரில் அழகாக ஓடும். ஸ்டாக் பாயின்டரும் அப்படித்தான். அதை அமைக்காமல் விட்டு, அது 0000 ஆக இருக்கும்போது புஷ் போட்டால், எழுதும் இடம் எஃப்எஃப்எஃப்எஃப். 64 கேபி முழுவதும் ரேம் என்று வைத்திருக்கும் எமுலேட்டர் அதை ஏற்றுக்கொள்ளும். கிட்டில் அங்கே ரேமே இல்லாமல் இருக்கலாம், அப்போது ரிட்டர்ன் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எமுலேட்டரில் ஓட்டுவதற்கு முன் ரிஜிஸ்டர்களிலும் காலி மெமரியிலும் 55 என்று நிரப்பிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஏடிஐ போட்டு, 410பி-யைத் திருத்திய பிறகு, உங்கள் பட்டியலுக்கு 4300-ல் 03 வரும். அதோடு விடாதீர்கள். 4200 முதல் 4209 வரை எல்லாவற்றையும் 20 ஆக்கி ஓட்டுங்கள், 10 வர வேண்டும். ஏனென்றால் 09-உடன் 1 கூடி 0ஏ ஆகி, அதை டிஏஏ 10 ஆக்கும் அந்த ஒரு இடத்தில்தான் டிஏஏவுக்கு உண்மையான வேலை இருக்கிறது. 3 பேரை எண்ணும்போது அது சும்மாதான் இருந்தது. 0ஏ என்று வந்தால் டிஏஏ விட்டுப்போயிருக்கிறது. 55 நிரப்பாமல் ஓட்டி 16 என்று வந்தால், 4106-ல் 0ஏ-வுக்குப் பதிலாக 10 என்று அடித்திருக்கிறீர்கள். ஹெக்ஸில் 10 என்றால் 16 சுற்று, பட்டியலைத் தாண்டிப் போய் அங்கே இருக்கும் 00-களையும் ஃபெயில் என்று எண்ணியிருக்கும். பிறகு எல்லாவற்றையும் 35 ஆக்கி ஒருமுறை ஓட்டுங்கள். அதற்கு 00 வர வேண்டும்.